பெட்டியின் முதல் வரி

ஏன் என்று கேட்பவனை யாருக்குத்தான் பிடிக்கும்? வீட்டில் ஒருவர் கேட்டாலே எரிச்சல் வரும். வேலை செய்யும் இடத்தில், அதுவும் ஒரு கணினி, ஒரு நாளைக்கு முப்பது தடவை திரையில் பெட்டி ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு "ஏன்?" என்று கேட்டால் என்ன செய்வது? வாயை மூடு என்று அதனிடம் சொல்ல முடியாது. பெட்டியைத்தான் மூட வேண்டும். அதை மூடுவதில் அந்த அறையிலேயே மின்னல்தான் கெட்டிக்காரி.

மின்னல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, கூட வேலை செய்பவர்கள் வைத்தது. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அழைப்பு வந்தால் மற்றவர்கள் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் அவள் வண்டியைக் கிளப்பிவிட்டு அடுத்த அழைப்பை எடுத்திருப்பாள். சும்மா சொல்லக்கூடாது, கை அப்படி ஓடும். அந்தக் கையைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் புதிய மென்பொருள் வந்தது. அலுவலகம் அதற்கு வைத்த நீளமான பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. இவர்கள் அதை மாப்பிள்ளை என்றார்கள். வந்த நாளிலிருந்து அதற்குத் தனி அறை, தனி ஏசி, தூசி துடைக்கத் தனி ஆள். அது சொன்னதைக் கேட்காவிட்டால் முறைத்துக்கொண்டு காரணம் வேறு கேட்கும். அதற்கு வேறு என்ன பெயர் வைக்க முடியும்? அழைப்பவர் பேசுவதைக் கேட்டு, எந்த நிலையத்து வண்டியை அனுப்பலாம் என்று மாப்பிள்ளை ஒரு யோசனை சொல்லும். சரி என்றால் பச்சைப் பொத்தான். வேறு வண்டியை அனுப்பினால் அந்த "ஏன்?" பெட்டி திறக்கும். அதில் ஒன்பது காரணங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொடாமல் பெட்டி மூடாது, பெட்டி மூடாமல் அடுத்த அழைப்பை எடுக்க முடியாது. ஒன்பதாவது வரி "பிற". அதைத் தொட்டால் இருபது எழுத்தாவது தட்டச்சு செய்ய வேண்டும். முதல் வரி "பாதை அடைப்பு".

போன் அலறிக்கொண்டிருக்கும்போது யார் உட்கார்ந்து ஒன்பது வரியையும் படிப்பார்கள்? அறையில் வேலை செய்த எட்டுப் பேரும் முதல் வரியைத் தொட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். அதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. மாப்பிள்ளை கேட்டான், பதில் சொல்லியாயிற்று, அவ்வளவுதான்.

இப்போது சுற்றறிக்கை வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை முதல் மாப்பிள்ளையே வண்டியை அனுப்பும். பச்சைப் பொத்தான் கிடையாது. மனிதர்கள் அழைப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும்.

அந்தக் காகிதத்தைப் படித்ததிலிருந்து மின்னலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அதுவும் இல்லை. எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தது போல ஒரு அரிப்பு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அவள் கணவன் வடக்கு நிலையத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். கலகலப்பான ஆள். முப்பத்தைந்து நாளைக்கு முன்னால் ஒரு மதியம் சந்தைத் தெருவில் ஒரு தையல்காரருக்கு நெஞ்சுவலி என்று போனான். பதினாலு நிமிஷம் ஆனது. இவன் போய்ச் சேர்ந்தபோது தையல்காரர் மெஷின் மேலேயே தலையைச் சாய்த்து இறந்துகிடந்தார். பதினைந்து நிமிஷத்துக்குள் போய்விட்டதால் விதிப்படி தப்பில்லை என்று கோப்பை மூடிவிட்டார்கள். அவனால் மூட முடியவில்லை. போகிற வழியில் டயர் கடைத் திருப்பத்தில் திரும்பாமல் நேராகப் போய்விட்டான், அதில் ஒன்றரை நிமிஷம் போயிற்று. அந்த ஒன்றரை நிமிஷம்தான் அந்த மனிதரைக் கொன்றது என்று அவன் முடிவே கட்டிவிட்டான்.

தினமும் காலையில் ஷூ மாட்டும்போது அந்தப் பேச்சு வரும். வியாழக்கிழமையும் வந்தது.

"எத்தனை தடவை போன ரோடு அது. எப்படி நேரா போனேன்?"

"உங்க மேல தப்பில்ல, விடுங்க," என்றாள் மின்னல், மகளின் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே.

"சந்தைத் தெருவுக்குப் பக்கத்துலயே கிழக்கு நிலையம் இருக்கு. அன்னைக்கு அந்த வண்டி எங்க போயிருந்தது?"

"வேற கேஸ்ல இருந்திருக்கும்."

இந்தக் கேள்வியையும் அவன் நாலைந்து தடவை கேட்டிருந்தான். நாலைந்து தடவையும் இதே பதில்தான். அவன் ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டினான். சட்டைப் பையில் ஒரு உறை துருத்திக்கொண்டு நின்றது. வண்டி ஓட்டும் வேலையிலிருந்து தன்னை விடுவித்து, பொருள் கிடங்கில் போடும்படி எழுதிய கடிதம். வெள்ளிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும் கொடுப்பதாகச் சொல்லியிருந்தான். இருபது வருஷமாக வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தவன் இனி மூட்டை எண்ணப் போகிறேன் என்கிறான். மின்னலுக்கு அழுகை வந்தது. ஆனால் நேரமாகிவிட்டது.

அன்று பிற்பகல் மாப்பிள்ளையை உருவாக்கியவர்களில் ஒருத்தி வந்திருந்தாள். இருபத்தெட்டு வயசு இருக்கும். எல்லோரும் அவளை இன்ஜினியர் பொண்ணு என்பார்கள். கட்டுப்பாட்டு அறையின் மூலையில் பெரிய திரையை வைத்து, பழைய அழைப்புகளையும் கற்பனை அழைப்புகளையும் கொடுத்து மாப்பிள்ளை தனியாக என்ன செய்கிறது என்று காட்டினாள்.

"நூத்துக்குத் தொண்ணூத்தி ஏழு தடவை நீங்க செய்யறதையே செய்யுது, அக்கா," என்றாள் மின்னலிடம். "முக்கியமா உங்களை மாதிரி. உங்க பதிவுகள்தான் இதுல அதிகம். உங்க மூளையை அப்படியே உள்ள வச்சிருக்கோம்னு வச்சுக்கோங்க."

பக்கத்து நாற்காலிக்காரன் சிரித்தான். நாள் முழுக்க வெந்நீர் குடிப்பதால் அவனுக்குச் சுடுதண்ணி என்று பெயர். "அப்போ அதுக்கும் கோபம் வரும்னு சொல்லுங்க," என்றான்.

அடுத்த சோதனை அழைப்பு ஓடியது. மதியம் இரண்டேகால் மணி, சந்தைத் தெரு மருந்துக் கடை, ஒரு பெண் மயங்கி விழுந்திருக்கிறாள். கிழக்கு நிலையம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. மாப்பிள்ளை கண்மூடித் திறப்பதற்குள் வடக்கு வண்டியை அனுப்பியது. மின்னல் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஏன் வடக்கு?"

"கேட்டுருவோம்," என்றாள் இன்ஜினியர் பொண்ணு. "இப்போ நாமளும் அதை ஏன்னு கேக்கலாம். புதுசா சேர்த்திருக்கோம்."

ஒரு பொத்தானைத் தட்டினாள். திரையில் மாப்பிள்ளையின் பதில் வந்தது. "சந்தைத் தெரு இந்த நேரத்தில் அடைபட்டிருக்கும். ஆதாரம்: இருநூற்றுப் பதினான்கு பதிவுகள்."

"அந்தத் தெரு என்னைக்கும் அடைபட்டதில்லையே. யாரு பதிஞ்சது?"

பெண் இன்னொரு பொத்தானைத் தட்டினாள். பணியாளர் எண்கள் வரிசையாக வந்தன. முதலாவதாக இருந்தது மின்னலின் எண். நூற்று முப்பத்தொரு பதிவுகள்.

மின்னல் மெல்ல உட்கார்ந்தாள். ஒரு தடவைகூட அந்தத் தெரு அடைபட்டிருக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும், சுடுதண்ணிக்குத் தெரியும், எட்டுப் பேருக்கும் தெரியும். நடந்தது வேறு. கிழக்கு நிலையத்து ஓட்டுநர் மனைவியை இழந்தவன். அவன் மகளுக்குப் பள்ளி இரண்டு மணிக்கு விடும். அழைத்துக்கொண்டு போய் அவன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வர அரைமணி நேரம் ஆகும். அந்த அரைமணி நேரம் வண்டி நிலையத்தில் நிற்கும், ஓட்ட ஆள் இருக்காது. அவனுக்குப் பெயரே ரெண்டு மணி. மேலதிகாரிகளைத் தவிர ஊருக்கே தெரிந்த ரகசியம். அந்த நேரத்தில் சந்தைப் பக்கம் அழைப்பு வந்தால் வடக்கு வண்டியை அனுப்பிவிட்டு, பெட்டி கேட்கும் "ஏன்?"-க்கு முதல் வரியைத் தொட்டுவிடுவார்கள். உண்மையான காரணம் அந்த ஒன்பதில் இல்லை. இருந்தாலும் யார் தொடுவார்கள்? தாயில்லாப் பிள்ளையின் அப்பனை மாட்டிவிட யாருக்கு மனசு வரும்?

நல்லது செய்கிறோம் என்றுதான் பொய் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்? சொன்னதை நம்பியது.

இன்ஜினியர் பொண்ணு தேநீர் குடிக்கப் போன நேரத்தில் மின்னல் தன் திரையில் தையல்காரரின் பதிவைத் திறந்தாள். முப்பத்தைந்து நாளில் முதல் தடவையாக. அழைப்பு வந்தது இரண்டு பத்துக்கு. எடுத்தது அவள். அவள் எடுத்தது அவளுக்கே நினைவில்லை, அன்று எழுபது அழைப்பு. மாப்பிள்ளை சொன்ன யோசனை, வடக்கு வண்டி. பச்சைப் பொத்தானைத் தொட்டது, அவள் எண். யோசித்த நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு. கிழக்கு வண்டி நிலவரம், நிலையத்தில், தயார். வண்டி நின்றால் அது எந்த நாளும் அப்படித்தான் காட்டும்.

அன்று ஓட்ட ஆள் இருந்தானா? தேதியைப் பார்த்தாள். அந்த வாரம் பள்ளிகளுக்கு விடுமுறை. அன்று காலையில்தான் தன் மகளிடம், "லீவுன்னா நாள் பூரா படுத்துக் கிடப்பியா?" என்று கத்திவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். ரெண்டு மணி அன்று எங்கேயும் போயிருக்க மாட்டான் என்பது ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். மாப்பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லை. அதனிடம் இல்லாத ஒரே விஷயம் இவளிடம் இருந்தது. அதைச் சொல்வதற்குத்தான் இவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். ஆனால் மாப்பிள்ளை தான் நினைப்பது மாதிரியே நினைக்கிறது என்ற சந்தோஷத்தில் இவள் பச்சையைத் தொட்டுவிட்டாள்.

கிழக்கிலிருந்து போயிருந்தால் நாலு நிமிஷம். கணக்குப் போட்டுக் கீழேயே காட்டியிருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று சுடுதண்ணி எட்டிப் பார்த்தான். திரையில் இருந்ததைப் படித்தான். தம்ளரை உருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். "மூடிட்டாங்க இல்ல, கோப்பை? விடு. மாப்பிள்ளை சொல்லுச்சு, நீ செஞ்சே. கேட்டா அது மேல போட்டுரு. இப்போ இதைத் தோண்டினா நீ மட்டுமா மாட்டுவே? நம்ம எட்டுப் பேரு, ரெண்டு மணி, எல்லாரும்தான்."

"வீட்டுல ஒருத்தர் நாளைக்கு வேலையை எழுதிக் கொடுக்கப் போறாரு."

"கிடங்குக்குத்தானே போறாரு? சம்பளம் அதேதான். உடம்புக்கும் நல்லது."

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். அவளும் பயந்துதான் போயிருந்தாள். அன்று மாலை வீட்டில் அவள் செய்யாத வேலை இல்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அலமாரியை இழுத்துப் போட்டு அடுக்கினாள். மகள், "என்னம்மா, யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள். கணவன் ஜன்னலோரம் உட்கார்ந்து, வராத செய்திக்குக் காத்திருப்பவன் போலச் செல்போனை வெறித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய் நின்றாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

"ஒண்ணரை நிமிஷம்," என்றான் அவன், அவளைப் பார்க்காமலே. "அவரு பையன் வாசல்லயே நின்னுட்டிருந்தான். வண்டியைப் பார்த்ததும் கையைக் காட்டினான்."

"உங்க மேல தப்பில்ல, விடுங்க," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாக்கு தானாகச் சொல்லியிருந்தது. இந்தத் தடவை அது உண்மை என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் அதைப் பழைய பொய்யைச் சொல்கிற அதே குரலில்தான் சொல்லியிருந்தாள். அவள் சமையலறைக்குத் திரும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே அலுவலகம் போய்விட்டாள். முதலில் ரெண்டு மணிக்குப் போன் போட்டாள். "எல்லாத்தையும் சொல்லப் போறேன். உன் பேரும் வரும்," என்று நேராகச் சொன்னாள்.

மறுமுனையில் வண்டியின் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வரட்டும், அக்கா," என்றான். "அன்னைக்கு நான் வண்டியிலதான் உக்காந்திருந்தேன். சைரன் சத்தம் வடக்குப் பாலத்து மேல கேட்டுச்சு. யாருக்கோ என்னவோன்னு நெனச்சேன். அது என் பக்கத்துத் தெருவுக்குத்தான் வருதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சொல்லாமலே போனை வைத்தாள்.

இன்ஜினியர் பொண்ணு வந்ததும் தனி அறைக்குக் கூட்டிப்போய் கதவைச் சாத்தினாள். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. முதல் வரி, பள்ளிக்கூடம், விடுமுறை, தையல்காரர், எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பு எங்க மேலயும் இருக்கு, அக்கா. அவசரத்துல இருக்கறவங்ககிட்ட ஒன்பது வரி கொடுத்தா முதல் வரியைத்தான் தொடுவாங்க. எனக்கே தோணியிருக்கணும்." பிறகு நிமிர்ந்தாள். "திங்கட்கிழமை நடக்காது. நான் நிறுத்தச் சொல்லிடறேன். ஆனா இதுக்கு முன்னாடி நீங்க மாத்தின எல்லா அழைப்புக்கும் நிஜமான காரணம் வேணும். எத்தனை ஞாபகம் இருக்கும்?"

"ஒண்ணுகூட இருக்காது."

"மாப்பிள்ளைக்கு இருக்கும்," என்றாள் அந்தப் பெண். அவர்கள் வைத்த பெயர் அவளுக்குத் தெரியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. "எல்லா அழைப்பும் குரலோட இருக்கு. நீங்க எந்த வார்த்தையில கையை நகர்த்தினீங்கன்னுகூடக் குறிச்சு வச்சிருக்கு. கேளுங்க. ஏன் மாத்தினீங்கன்னு யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

அவசரமே இல்லை என்று அந்தக் கட்டடத்தில் யாரும் அவளிடம் சொன்னதே கிடையாது. சந்தைத் தெரு அழைப்புகளை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் தொடங்கினார்கள். முதல் அழைப்பில் ஒரு ஆள் விலாசத்தை நிறுத்தி நிதானமாக, ஒரு பிசகு இல்லாமல் சொன்னார். அந்த இடத்தில் மின்னலின் கை நகர்ந்திருந்தது. சின்ன வண்டியை விட்டுப் பெரிய வண்டியை அனுப்பியிருந்தாள். ஏன்? மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டாள்.

"இவரு இதுக்கு முன்னாடி பல தடவை கூப்பிட்டவரு," என்றாள் கடைசியில். "விலாசம் வாயில பழகியிருக்கு. அப்படின்னா ரொம்ப நாளா படுக்கையில இருக்கற நோயாளி. கருவியெல்லாம் வேணும்."

இன்னொன்றில் ஒரு பெண் மிக மெதுவாகப் பேசினாள். நோயாளி பக்கத்தில் இருக்கிறார், அவருக்குக் கேட்கக் கூடாது என்று நினைக்கிறாள், அப்படியென்றால் அவருக்கு நினைவு இருக்கிறது. வேறொன்றில் பின்னால் லிஃப்ட் மணிச் சத்தம் இல்லை, படியில் செருப்புச் சத்தம். மாடி வீடு, தூக்க இரண்டு பேர் போதாது. இப்படி நாற்பது அழைப்பு. அறைக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டே சொன்னாள். பன்னிரண்டு வருஷமாகத் தன் கைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது. யாராவது ஏன் என்று உட்காரவைத்துக் கேட்டிருந்தால் எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்திருக்கலாம். கேட்டது ஒரு பெட்டி. அதையும் அவள் மூடிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

இன்ஜினியர் பொண்ணு ஒரு சொல் விடாமல் குறித்துக்கொண்டாள். இனி வரிசையே இருக்காது, வாயால் சொன்னால் போதும், பச்சைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே மாப்பிள்ளை தன் காரணத்தையும் காட்டும், அதைப் படிக்காமல் தொட்டால் ஒரு தடவை நிறுத்திக் கேட்கும் என்றாள். பிறகு தயங்கினாள்.

"தையல்காரர் அழைப்பை நீங்க இன்னும் கேக்கலை, அக்கா."

"தெரியும்."

அந்தப் பதிவின் எண்களை எல்லாம் பார்த்திருந்தாள். குரலை மட்டும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டரையாகப் போகிறது. கணவனின் ஷிப்ட் மூன்றுக்கு முடியும். "அதை எடுத்துட்டுப் போகலாமா? வடக்கு நிலையத்துக்கு," என்று கேட்டாள். வெளியே கொண்டு போகக் கூடாதுதான். அந்தப் பெண் மேலிடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டேப்லெட்டை அவள் கையில் கொடுத்தாள்.

வடக்கு நிலையத்தின் கொட்டகையில் வண்டி பின்கதவு திறந்து நின்றது. அவன் உள்ளே உட்கார்ந்து பஞ்சுப் பொட்டலங்களை எண்ணி அடுத்த ஷிப்ட்டுக்குப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தான். உறை இன்னும் பையில்தான் இருந்தது. அவளைப் பார்த்ததும், "பொண்ணுக்கு ஏதாவதா?" என்று எழுந்தான்.

"இல்ல. உக்காருங்க."

எதிர்ப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். வரிசையாகச் சொன்னாள். அவன் கையிலிருந்த பொட்டலத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முடித்த பிறகு தொண்டையைச் செருமினான்.

"கிழக்கு வண்டி போயிருந்தா?"

"நாலு நிமிஷம்."

"நான் அந்தத் திருப்பத்துல சரியா திரும்பியிருந்தா?"

"பன்னெண்டரை."

அவன் தலையை ஆட்டினான். அவன் முகத்தில் ஒரு பாரம் இறங்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அதற்காகத்தான் இத்தனை தூரம் ஓடிவந்தாள். அப்படி எதுவும் இறங்கவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தான்.

"கிழக்கு வண்டி எங்கேன்னு உன்கிட்ட கேட்டேன். ஒரு தடவை இல்ல. வேற கேஸ்ல இருந்திருக்கும்னு சொன்னே. பார்த்துட்டா சொன்னே?"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. அத்தனை அழைப்பு, எனக்கு எங்கே நேரம், உங்களைத் தேற்றத்தானே சொன்னேன். எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. அவள் ஒன்றையும் தொடவில்லை.

"பார்க்கலை," என்றாள். "நீங்க பேச்சை நிறுத்தணும்னு சொன்னேன்."

வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து வேறொரு வண்டியைக் கழுவ ஆரம்பித்தார்கள். அவன் சட்டைப் பையிலிருந்து உறையை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தான். கிழிக்கவில்லை, திரும்பப் பைக்குள்ளும் வைக்கவில்லை.

"நான் தினமும் அந்தத் திருப்பத்துலதான் நின்னுட்டிருந்தேன்," என்றான். "நீ பக்கத்துல டப்பா மூடிட்டிருந்தே."

அவள் அழுதாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறைக்காமல் அழுதாள். அவன் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் மடியிலிருந்த டேப்லெட்டைக் காட்டினான்.

"அந்த அழைப்பு இதுல இருக்கா?"

"இருக்கு. நான் இன்னும் கேக்கலை."

"போடு. முழுசா கேக்கணும். நடுவுல நீ எதுவும் சொல்லக் கூடாது."

அவள் பொத்தானைத் தொட்டாள். ஒரு இளைஞனின் குரல் மூச்சிரைக்க வந்தது. சந்தைத் தெரு, தையல் கடை, அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார், வியர்த்துக் கொட்டுகிறது. பிறகு அவள் குரல், வேகமாக, துளித் தடுமாற்றம் இல்லாமல்: "வண்டி கிளம்பிடுச்சு. அப்பாவை அசைக்காதீங்க."

"பக்கத்துல இருக்கற வண்டிதானே?" என்று பையன் கேட்டான்.

"ஆமா, பக்கத்துல இருக்கற வண்டிதான்," என்றது அவள் குரல்.